ரைனோஸ்போரிடியோசிஸ்

தேங்கிய குளத்துநீரிலிருந்து மனிதரைத் தொற்றும் சதைவளர்ச்சி நோய். உலகில் பதிவான நோயாளிகளில் பெரும்பாலோர் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளவர்கள். தமிழகத்தின் தென்மாவட்டங்களிலும் காணப்படுகிறது. சுரண்டை, தென்காசிப் பக்கம் குளங்களை நம்பி வாழும் பகுதி. இந்நோயை இங்குள்ளவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

கியேர்மோ சீபர் 1900இல் புவெனஸ் ஐரிஸில் இதை விவரித்தார். நோய்க்கிருமியான ரைனோஸ்போரிடியம் சீபெரி நெடுங்காலம் பூஞ்சையாகக் கருதப்பட்டது. 1990களின் இறுதியில் மரபணு ஆய்வு, அது மீன்களின் செவுள், தோலைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் நெருங்கிய உறவு என்று காட்டியது. ஆயினும் மீனே இதைப் பரப்புகிறது என்பதற்குச் சான்றில்லை. மாடு, குதிரை, நாய்க்கும் வரும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

மூக்கில் சிவந்த, எளிதில் இரத்தம் கசியும் கட்டி எழும்; அதன்மேல் வெண்புள்ளிகள் தெரியும். சிலருக்குக் கண்ணிமையின் உட்புறத்திலும் வரும். சாதாரண மூக்குச்சதை என்று தவறாக எண்ணப்படுவதுண்டு. திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் வித்துப்பைகள் தெளிவாகத் தெரியும். அறுவையில் கட்டியை அகற்றி அடிப்பகுதியைச் சுட வேண்டும். இல்லையேல் மீண்டும் முளைக்கும். அதைத் தடுக்கத் தொழுநோய் மருந்தான டாப்சோனும் சிலருக்குத் தரப்படுகிறது.