மான்கொம்புப் பெரணி: பெயரீட்டு வரலாறும் தாவரவியல் கலைச்சொற்களும்

ஆய்வுச்சுருக்கம்
அழகுத்தாவரமாகப் போற்றப்படும் மான்கொம்புப் பெரணியின் பெயரீட்டு வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பேரினப் பெயர், 'விதை', 'ஒட்டுண்ணி' ஆகிய மூன்று நிலைகளிலும் பொருந்தாச் சொல்லாட்சி அதன் இயல்பை மறைத்தமையையும், அது தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு உணர்த்துவதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பெரணி, தொற்றுத்தாவரம், ஸ்போர், பெயரீடு, கலைச்சொல்.

முன்னுரை
பெரணிகள் பூவும் விதையும் அற்றவை. ஆயினும் நீரையும் உணவையும் கடத்தும் திசுக்களை உடையவை. அவற்றுள் மான்கொம்புப் பெரணி எனப்படும் பிளாட்டிசீரியம் பைஃபர்கேட்டம் கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் மரங்களின் மீதும் பாறைகளின் மீதும் வளர்வது. இதற்கு வழங்கிய சொற்களின் வரலாறு, தாவரவியல் அறிவு வளர்ந்த வரலாறாகவும் அமைகிறது.

பேரினப் பெயரின் மாற்றம்
இலையின் அடிப்பரப்பில் ஸ்போரகங்கள் பரந்து காணப்படும் பெரணிகளை லின்னேயஸ் 1753இல் அக்ரோஸ்டிக்கம் என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். அம்மரபையொட்டி ஸ்பானியத் தாவரவியலாளர் கவனில்லெஸ் 1799இல் இத்தாவரத்தை அக்ரோஸ்டிக்கம் பைஃபர்கேட்டம் என விவரித்தார். கண்டல் சேற்றில் வேரூன்றும் பெரணியும் மரக்கிளையில் வாழும் பெரணியும் இவ்வாறு ஒரே பெயரின்கீழ் அமைந்தன. ஒரு பண்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டதன் விளைவு இது. தெவோ 1827இல் பிளாட்டிசீரியம் என்னும் பேரினத்தை நிறுவினார். 'தட்டையான கொம்பு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்த பெயர் அது. கிறிஸ்டென்சன் 1906இல் இச்சிற்றினத்தை அப்பேரினத்திற்கு மாற்றினார். சிற்றினப் பெயர் 'இரண்டாகக் கிளைத்தது' என்னும் பொருளுடையது. இன்று பிளாட்டிசீரியம் பாலிபோடியேசி குடும்பத்திலும், அக்ரோஸ்டிக்கம் டெரிடேசி குடும்பத்திலும் வைக்கப்படுகின்றன.

விதையும் ஸ்போரும்
ஜமைக்காவில் மருத்துவராகப் பணியாற்றிய ஜான் லிண்ட்சே, பெரணி இலையின் துகள்களை விதைத்து அவை முளைப்பதைக் கண்டு 1794இல் வெளியிட்டார். அரிய கண்டுபிடிப்பாயினும் அத்துகளை அவர் 'விதை' என்றே குறித்தார். விதையில் கரு உண்டு. ஸ்போரில் அஃது இல்லை. ஸ்போர் முளைத்து முன்னுடலம் என்னும் சிறு பசுந்தட்டாகிறது. பாலுறுப்புகள் அதில் தோன்றுகின்றன. கருவுற்ற பின்னரே அதிலிருந்து பெரணி வளர்கிறது. இத்தலைமுறை மாற்றத்தை ஹாஃப்மைஸ்டர் 1851இல் தெளிவுபடுத்தினார். தமிழில் ஸ்போரை 'வித்து' என்று வழங்கும் வழக்கமும் உண்டு. விதையும் வித்தும் ஒருபொருட் சொற்களாதலால் லிண்ட்சேயின் மயக்கம் அங்கும் தொடர்கிறது.

தொற்றுத்தாவரமும் ஒட்டுண்ணியும்
மான்கொம்புப் பெரணியில் இருவகை இலைகள் உண்டு. அடியிலைகள் மரத்தைத் தழுவிக் கேடயம் போல் படர்கின்றன. பின்னர்ப் பழுப்பேறி உலர்ந்தும் உதிராமல், நீரையும் மட்கையும் தாங்கி வேர்களைக் காக்கின்றன. கொம்புபோல் கிளைத்த இலைகளின் நுனிப்பகுதியில் ஸ்போரகங்கள் பழுப்புத் திட்டுகளாக அமைகின்றன. இத்தாவரம் தாங்கும் மரத்திலிருந்து உணவை உறிஞ்சுவதில்லை; உயிரற்ற மரப்பலகையில் கட்டி வளர்த்தாலும் செழிப்பதே அதற்குச் சான்று. எனவே இது தொற்றுத்தாவரம். புல்லுருவியைப் போன்ற ஒட்டுண்ணி அன்று. இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஒட்டுண்ணி எனக் கருதுவோர் மரத்தைக் காக்கவேண்டி இதனை அகற்றக்கூடும். பழுப்பு அடியிலைகளைச் 'சருகு' எனக் கொள்வோர் அவற்றைப் பிய்த்தெறிந்து செடிக்கு ஊறு விளைவிக்கக்கூடும்.

முடிவுரை
அக்ரோஸ்டிக்கம் என்ற பெயர் உறவை மறைத்தது. விதை என்ற சொல் வாழ்க்கைச் சுழற்சியை மறைத்தது. ஒட்டுண்ணி என்ற சொல் வாழும் முறையை மறைக்கிறது. முதலிரண்டும் ஆய்வால் திருத்தம் பெற்றன. மூன்றாவதைத் திருத்தத் தமிழில் தனிச்சொல் ஏற்கெனவே உள்ளது. அதனைப் பிறழாது ஆள்வதே தேவை. ஒலியினிமையோ பழமையோ மட்டும் ஒரு கலைச்சொல்லுக்குத் தகுதியாகாது. அது சுட்டும் உயிரின் செயலை வேறொன்றோடு மயங்காமல் உணர்த்துவதே அதன் தகுதி என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.