எண்ணெய்க் கறையும் வெள்ளாவியும்

தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை நாம் பாடநூல்களில் படிக்கிறோம். சில ஆண்டுகளில் அங்கே கொழுந்தரைக்கும் இயந்திரமும் சுழன்றது. இயந்திரம் சுழன்றால் எண்ணெய் தெறிக்கும். துணியில் கறை படியும். அக்கறையை வெளுத்தவர் யார்? பாடநூல் இதைக் கேட்பதில்லை.

தமிழகத்திலிருந்து தொழிலாளரோடு சலவைத் தொழிலாளரும் மலையேறினர். உவர்மண்ணும் சாம்பலும் வெள்ளாவிப் பானையுமே அவர்தம் ஆய்வுகூடம். காரநீரில் தோய்த்த துணி ஆவியில் வேகும்போது, தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய்க் கறைகளோடு காரம் வினைபுரிந்து, துணியிலேயே சோப்பு பிறக்கிறது! கொழுப்பின் இரசாயனத்தைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரூல் 1823இல் நூலாக்கினார். வண்ணான்துறை அதைப் பல தலைமுறைகளுக்கு முன்பே கையால் அறிந்திருந்தது. அந்த அறிவுக்கு நம் சமூகம் அளித்த பட்டம் தீண்டாமை.

பின்னர் வந்த தாது எண்ணெயோ காரத்துக்குப் பணியாது. அதை மண்ணெண்ணெயில்தான் கரைக்க வேண்டும். இன்றும் நம் வீடுகளில் வழி அதுவே: அரிசிமாவைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, அடுப்பருகே செல்லாமல், கறையின் பின்புறத்தில் மண்ணெண்ணெய் தொட்டு, பிறகு சோப்பிட்டுக் கசக்குகிறோம். கறை நீங்குமுன் சூடான பெட்டியால் தேய்த்தால் அது நூலிழையில் ஊன்றிவிடும்.

1892இல் மறைந்த டெய்லருக்குக் கண்டி மகியாவையில் கல்லறை உண்டு. கறை வெளுத்தவரின் வழித்தோன்றல்கள் பலரை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குடியுரிமை கிட்டியது.