அட்டை ஒட்டாத வீடுகள்: நியூயார்க், 1916

1916 ஜூன் மாசம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், இத்தாலியிலிருந்து வந்தவங்க நெருக்கியடிச்சு வாழ்ந்த தெருக்கள்ல, சின்னப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வருது, அப்புறம் கால் வரமாட்டேங்குது. இளம்பிள்ளை வாதம். அதாவது போலியோ. அந்த வருஷம் நகரத்தில் சுமார் 9,000 பேருக்கு நோய், சுமார் 2,400 சாவு. பெரும்பாலும் ஐந்து வயசுக்குக் கீழ இருந்த குழந்தைங்க.

நகரச் சுகாதாரத் துறை தூங்கிட்டிருந்ததுன்னு நினைக்காதீங்க. தொற்றுநோயைத் துரத்திப் பிடிக்கிறதுல அவங்க கில்லாடிங்க. 1893-லேயே தொண்டை அடைப்பான் நோய்க்கு ஒரு பரிசோதனைக்கூடம் ஆரம்பிச்சுட்டாங்க. ஹெர்மன் பிக்ஸ், வில்லியம் பார்க்னு ரெண்டு டாக்டர்கள் அதுக்குப் பின்னாடி இருந்தாங்க. டாக்டர் பக்கத்து மருந்துக்கடையில் ஒரு குழாய் வாங்குவார். குழந்தையின் தொண்டையில் தடவின பஞ்சை அதில் தேய்ச்சு, கடையிலேயே திருப்பிக் கொடுப்பார். துறை ஆள் வந்து எடுத்துட்டுப் போவார், மறுநாள் ரிசல்ட். நோய் சரியாகி விளையாடுற குழந்தைகிட்ட இன்னும் கிருமி இருக்கான்னுகூட இதில் தெரிஞ்சுடும். அந்தக் காலத்துக்கு இது செம சிஸ்டம்.

போலியோவுக்கு இந்த மாதிரி டெஸ்ட் எதுவும் இல்லை. இருந்தாலும் கட்டுப்பாடுகள் முழு வேகத்தில் ஓடின. நோய் வந்த வீட்டுக் கதவில் எச்சரிக்கை அட்டை. பேப்பரில் நோயாளிகளின் பெயரும் முகவரியும் (பிரைவசியா? அப்படின்னா?). 16 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க ஊரை விட்டுப் போகச் சான்றிதழ் வேணும். அதோட போனாலும் சில ஊர்கள்ல போலீஸ் திருப்பி அனுப்பிச்சு. பூனைதான் பரப்புதுன்னு வதந்தி கிளம்ப, 70,000-க்கும் மேல பூனைங்களைக் கொன்னாங்க.

இதில் என்னை உறுத்துற விதி வேற. தனி அறை, தனிக் கழிப்பறை, கவனிச்சுக்க ஆள், இதெல்லாம் இருந்தா குழந்தையை வீட்டிலேயே வெச்சுக்கலாம். இல்லைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. பல குடும்பம் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தின கட்டடங்கள்ல யார்கிட்ட தனிக் கழிப்பறை இருந்திருக்கும்? பிள்ளை திரும்பி வராதோன்னு பயந்து, நோயை மறைச்ச அம்மாக்களும் இருந்தாங்க. அவங்களை அறியாமைன்னு திட்ட எனக்கு மனசு வரலை.

சரி, அழுக்கும் நெரிசலும்தான் காரணம்னா, கணக்கு அப்படித்தானே காட்டணும்? காட்டலை. நகரத்திலேயே நெரிசல் குறைஞ்ச ஸ்டேட்டன் தீவுலதான் மக்கள்தொகைக்கு ஏத்த நோய் விகிதம் அதிகம்!

நம்ம பாஷையில் சொன்னா, கிராஷ் ஆனது மட்டும்தான் லாக்ல பதிவாச்சு. போலியோ வைரஸ் தொற்றுற குழந்தைங்கள்ல நூத்துக்கு ஒருத்தருக்குக்கூட வாதம் வராது. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா மலம் வழியா வைரஸ் பரவிட்டே இருக்கும். ஸ்வீடனில் 1905-ல் பரவினப்பவே, வாதம் வராத லேசான கேஸ்களும் நோயைக் கடத்துதுன்னு ஐவர் விக்மன் ஊர் ஊரா கணக்கெடுத்துச் சொல்லியிருந்தார். நியூயார்க்கில் அட்டை ஒட்டின வீட்டுக்கு எதிர்வீட்டில், காய்ச்சல்கூட இல்லாம ஓடி விளையாடின குழந்தையை யாரும் நிறுத்தலை. நிறுத்தவும் வழி இல்லை. குளிர் வந்ததும் நோய் தானா அடங்குச்சு.