ஒரு பொருள், இரண்டு மேடை

எஸ். ஆர். ரங்கநாதனின் நூல்களை அமெரிக்க நூலகமொன்றின் பட்டியலில் தேடினால், 'ரங்கநாதன், எஸ். ஆர்.' என்று காற்புள்ளியுடன் பெயர் வந்து நிற்கும். குடும்பப் பெயரை முன்னால் போட்டு மற்றதைப் பின்னால் தள்ளும் வழக்கத்துக்காக வந்த புள்ளி அது. ரங்கநாதன் என்பதோ அவருடைய சொந்தப் பெயர். எஸ் என்பது ஊரான சீர்காழி, அன்றைய ஆங்கில எழுத்தில் ஷியாளி. ஆர் என்பது தந்தை ராமாமிர்தம். இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படுபவரின் பெயருக்கே இந்தப் பாடு என்றால், முனுசாமிகளுக்கும் முத்துலட்சுமிகளுக்கும் என்ன கதி?

இந்தக் கேள்வியை நூலகர் மாநாடு ஒன்றில் எழுப்ப நினைக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பல்கலைக்கழக நூலகத்தில் பட்டியலாக்கம் பார்ப்பவர், கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்தவர். அவர் முன் இரண்டு மேடைகள் இருக்கின்றன. ஒன்று இஃப்லா எனப்படும் பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் உலக மாநாடு. 1927-இல் எடின்பரோவில் பிறந்த அமைப்பு. தலைமையகம் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கிறது. மாநாடு ஊர் ஊராகச் சுற்றும். 1992-இல் புதுதில்லிக்கு வந்தது, 2018-இல் கோலாலம்பூரில் கூடியது. மற்றொன்று கோட்ஃபோர்லிப். நூலகங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் 2003 வாக்கில் தாமாகச் சேர்ந்து உருவாக்கிய கூட்டம் அது. முதல் மாநாடு 2006-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், கொர்வாலிஸ் என்ற சிறு நகரில் நடந்தது. தலைவர், உறுப்பினர் சந்தா எதுவும் கிடையாது.

இரண்டுக்கும் ஒரே பொருளைத் தயாரிக்கும்போது நீளத்தையும் நடையையும் மாற்றினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வேறுபாடு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பேசுகிறவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தயாரிப்பில் பாதியை முடிவு செய்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

இஃப்லாவில் தேர்ந்தெடுப்பது குழு. பட்டியலாக்கம், பொது நூலகம், நாடாளுமன்ற நூலகம், ஆசிய-ஓசியானியா எனப் பல பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு பிரிவின் நிலைக்குழுவும் அந்த ஆண்டுக்கான கருப்பொருளை அறிவித்து ஆய்வுச் சுருக்கம் கேட்கும். நம் பட்டியலாக்க நூலகர் தன் கேள்வியை அந்தக் கருப்பொருளுக்குள் பொருத்தியாக வேண்டும். அந்த ஆண்டு அறிவிப்பு 'தரவுகளின் பன்மொழித்தன்மை' என்று இருந்தால் பிழைத்தார். 'செயற்கை நுண்ணறிவு' என்று இருந்தால் பெயர்ச் சிக்கலை அந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். இதைப் பாசாங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. குழுவில் இருப்பவர்கள் தமிழ் அறியாதவர்கள்; இந்தச் சிக்கல் ஜாவாவிலும் எத்தியோப்பியாவிலும் ஐஸ்லாந்திலும் உண்டு என்று காட்டினால்தான் அது ஓர் ஊரின் முறையீடாக இல்லாமல் பொதுக் கேள்வியாகும். அந்த மூன்று இடங்களிலும் குடும்பப் பெயர் என்பது விதி அல்ல. சுருக்கம் எழுத உட்காரும்போதே இதைத் தேடிப் படித்தாக வேண்டும். நான் பார்த்தவரை, நம் ஊரிலிருந்து போகும் சுருக்கங்களில் பல இந்த இடத்தில்தான் தடுக்குகின்றன. தம் நூலகத்தின் கட்டடப் பரப்பையும் நூல்களின் எண்ணிக்கையையும் இரண்டு பத்திக்குச் சொல்லிவிட்டு, கேள்வியைக் கடைசி வரியில் வைக்கிறார்கள்.

கோட்ஃபோர்லிப்பில் தேர்ந்தெடுப்பது வாக்கு. முன்மொழிவுகள் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படும்; சமூகத்தில் உள்ளவர்கள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். வாக்குப் பதிவுக்காக அவர்களே எழுதிய மென்பொருளுக்கு, அமெரிக்காவில் சர்ச்சைக்குள்ளான டீபோல்ட் வாக்கு எந்திர நிறுவனத்தைக் கிண்டல் செய்து 'டீபோல்ட்-ஓ-ட்ரான்' என்று பெயர் வைத்தார்கள். கூட்டத்தின் குணம் அந்தப் பெயரிலேயே தெரியும். அங்கே முன்மொழிவைப் படிப்பவர் நாளெல்லாம் தரவோடு மல்லுக்கட்டுகிறவர். அவருக்கு முன்னுரை வேண்டாம், எந்தக் கருவி, எந்த இடத்தில் உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதே வேண்டும். தலைப்பில் கொஞ்சம் குறும்பு இருந்தால் வாக்கு கூடும். இதன் மறுபக்கமும் தெரிந்ததுதான். பெரும்பான்மை வாக்கில் சிறுபான்மை எழுத்துகளின் சிக்கல் எளிதாக மேலே வராது. அதனால்தான் வாக்கில் முதலிடங்களைப் பிடித்தவற்றுக்கு இடம் உறுதி செய்துவிட்டு, மீதி இடங்களை நிகழ்ச்சிக் குழு பன்முகத்தன்மை பார்த்து நிரப்பும் ஏற்பாட்டை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். எந்த முறை நேர்மையானது என்று கேட்டால், வாக்குமுறை என்பேன். தமிழ் போன்ற மொழியின் கேள்வி எங்கே உள்ளே போகும் என்று கேட்டால், குழு.

தேர்வானபின் இஃப்லாவில் பேசப்போகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை பேச்சைப் பற்றியதே அல்ல, கட்டுரை எழுதுவது. பல பிரிவுகள் மாநாட்டுக்கு வெகு முன்பே முழுக்கட்டுரையைக் கேட்டு வாங்கிவிடும். அது இஃப்லாவின் இணையக் களஞ்சியத்தில் படைப்பாக்கப் பொது உரிமத்தின்கீழ் வெளியாகும். யாரும் எடுத்தாளலாம், பெயர் சொன்னால் போதும். ஆகவே கட்டுரையில் சேர்க்கும் பழைய பட்டியல் அட்டையின் படத்துக்குக்கூட அதை வைத்திருக்கும் நூலகத்தின் ஒப்புதலைக் கையெழுத்தாக வாங்கியிருக்க வேண்டும். எழுதிமுடித்த பிறகு இதைக் கேட்கப் போனால் நம் அலுவலகங்களில் கோப்பு நகரும் வேகம் எல்லோருக்கும் தெரியும்.

பெயர்ச் சிக்கலை எழுதுகிறவருக்கு இஃப்லாவில் ஒரு வரலாறும் காத்திருக்கிறது. 1961-இல் பாரிஸில் நடந்த பட்டியலாக்கக் கோட்பாடுகள் மாநாட்டைக் கூட்டியது இஃப்லாதான். அதற்குரிய ஆய்வுத்தாள்கள் முன்கூட்டியே சுற்றுக்கு விடப்பட்டன. வந்தவர்கள் படித்துவிட்டு வந்து விவாதித்தார்கள். அந்தப் பணியின் தொடர்ச்சியாக ஒவ்வொரு நாட்டிலும் பெயர் எப்படி வழங்குகிறது என்று விளக்கும் 'நேம்ஸ் ஆஃப் பெர்சன்ஸ்' என்ற கையேடு வந்தது. அதன் நான்காம் பதிப்பு 1996-இல் வெளியானது. ஆங்கிலோ-அமெரிக்க விதிகளின் 1978 பதிப்பிலேயே, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளப் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் சொந்தப் பெயரிலேயே பதிய வேண்டும் என்று தனி விதி உண்டு. இதைப் படிக்காமல், 'மேலை நாட்டார் நம் பெயரைக் கண்டுகொள்ளவில்லை' என்று மேடையில் முழங்கினால், கூடத்தில் உள்ள மூத்த பட்டியலாக்கர் ஒருவர் எழுந்து அந்த விதியின் எண்ணையே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். விதி இருந்தும் நடைமுறை ஏன் தவறுகிறது என்பதே கேட்கத் தகுந்த கேள்வி. அந்தக் கேள்விக்கு வந்து சேருவதற்குத்தான் அத்தனை வாசிப்பும்.

கட்டுரையை அனுப்பிவிட்டால் பேச்சு தயார் என்று நினைப்பதுதான் அடுத்த பள்ளம். இஃப்லாவின் அலுவல் மொழிகள் ஏழு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஸ்பானிஷ். குறிப்பிட்ட அமர்வுகளுக்கு உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு வசதியான வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 ஆங்கிலச் சொற்கள். 15 நிமிடம் கொடுத்தால் 1,500 சொல், மிஞ்சினால் 1,800. கட்டுரை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அதையே படிக்கத் தொடங்குகிறவர் பத்தாம் நிமிடத்தில் வேகம் பிடிக்கிறார். கூண்டுக்குள் இருப்பவர் கைவிடுகிறார். காதுக்கருவி மாட்டிய நூறு பேருக்கு அரை வாக்கியங்கள் போய்ச் சேருகின்றன. ஆகவே பேச்சுக்கெனத் தனிப் பிரதி வேண்டும். அதில் எண்கள் குறைவாக இருக்கட்டும். சுருக்கெழுத்துப் பெயர்களை முதல் தடவை விரித்துச் சொல்லியாக வேண்டும். சிலேடை நகைச்சுவையை விட்டுவிடலாம், ஏழு மொழியில் அது ஏழு விதமாகச் சாகும். தமிழ் எழுத்துகளை உதாரணமாகச் சொல்லும் இடங்களைத் தனித் தாளில் எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் முன்னமே சேர்ப்பிக்க வேண்டும். ழகரத்தை ஸ்பானிஷ்காரருக்குக் காதால் புரியவைக்க முடியாது. திரையில் பெரிதாகக் காட்டிவிட்டு, 'இந்த எழுத்து' என்று சொல்லி நகர்வதே வழி. இந்தக் கட்டுப்பாடுகள் எரிச்சலூட்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்காகச் சுருக்கிய பேச்சுதான், மொழிபெயர்ப்பு தேவைப்படாதவருக்கும் தெளிவாகப் போய்ச் சேருகிறது.

கோட்ஃபோர்லிப்பில் கூண்டு கிடையாது, கட்டுரையும் கேட்க மாட்டார்கள். நேரம் நெடுங்காலமாக 20 நிமிடம், கணினியைப் பொருத்துவதும் கேள்வி பதிலும் அதற்குள்ளேயே. ஒரே கூடம், இணை அமர்வுகள் இல்லை. அதாவது, உங்கள் பொருளில் ஆர்வமில்லாதவரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். முதல் நிமிடத்தில் அவரைப் பிடிக்க வேண்டும். அதற்கு ரங்கநாதனின் காற்புள்ளி உதவாது. 'ஸ்ரீ' உதவும்.

திரையில் 'ஸ்ரீதர்' என்ற பெயரை இரண்டு முறை காட்டலாம். இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. தேடினால் ஒன்று கிடைக்கிறது, மற்றது கிடைப்பதில்லை. முதல் ஸ்ரீ, 'ஸ' என்ற கிரந்த எழுத்தில் தொடங்கித் தட்டச்சானது. இரண்டாவது, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த மற்றொரு சகரத்தில் தொடங்கியது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியையும் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் எழுதலாம். இந்தப் பின்னதை யூனிகோடின் இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். ஸ்ரீயை ஒன்றாக்காது, அதற்கு நாமே நிரல் எழுத வேண்டும். இதோடு, ரோமன் எழுத்திலிருந்து தமிழுக்குத் திருப்பும்போது எழும் சிக்கலையும் காட்டலாம். அமெரிக்க நூலகங்களின் ஒலிபெயர்ப்பு முறையில் றகரத்துக்கும் னகரத்துக்கும் ழகரத்துக்கும் எழுத்தின் கீழே கோடு போடுகிறார்கள். தட்டச்சில் அந்தக் கோடு தவறினால் ற ர ஆகிறது, ழ ல ஆகிறது. பழம் பலமாகிவிடும். அரைப் பக்க நிரல், நான்கு தோல்வி உதாரணங்கள், ஒரு வெற்றி. 20 நிமிடத்துக்கு இது தாராளம்.

தயாரிப்பின் சுமை இங்கே வேறு இடத்தில் விழுகிறது. நிரல் பொதுவில் திறந்திருக்க வேண்டும், யாரும் இறக்கி ஓட்டிப் பார்க்கும்படி. பேசிக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் இருப்பவர்கள் அரட்டை அறையில் பேசிக்கொண்டிருப்பார்கள். அது அந்தக் கூட்டத்தின் பழைய பழக்கம். மூன்றாம் ஸ்லைடில் நீங்கள் விட்ட பிழையை ஐந்தாம் ஸ்லைடுக்குள் யாரோ கண்டுபிடித்திருப்பார். நேரடிச் செயல்விளக்கம் காட்டுவதென்றால் அதன் பதிவு ஒன்றையும் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். மாநாட்டு இணைய இணைப்பை நம்பி மேடையேறுவது துணிச்சல் என்று வேண்டுமானால் சொல்லலாம். வாக்கில் தோற்றாலும் கதவு அடைபடுவதில்லை. மாநாட்டின்போதே பெயர் கொடுத்துப் பேசும் ஐந்து நிமிட மின்னல் பேச்சுகள் உண்டு. ஸ்ரீ உதாரணம் ஒன்றே அதற்குப் போதும். சொல்லப்போனால் ஐந்து நிமிடத்தில்தான் அது இன்னும் கூர்மையாக இருக்கும்.

பணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இஃப்லாவில் கட்டுரை ஏற்கப்பட்டாலும் பதிவுக் கட்டணமும் பயணமும் பேசுகிறவர் பொறுப்புதான். கோட்ஃபோர்லிப் நடப்பது அமெரிக்காவில், விசா நேர்காணலுக்கான காத்திருப்பையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி நேரத்துக்குத் தயாராவதில் இரண்டும் நேரெதிர். இஃப்லா அமர்வில் நான்கைந்து பேர் வரிசையாகப் பேசுவார்கள். முதல் இருவர் நேரம் மீறுவது எழுதப்படாத மரபு. நான்காவதாகப் பெயர் இருந்தால், 15 நிமிடப் பேச்சின் 8 நிமிட வடிவத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். எந்த ஸ்லைடிலிருந்து எந்த ஸ்லைடுக்குத் தாவுவது என்று தாளின் ஓரத்தில் குறித்திருக்க வேண்டும். நிகழ்ச்சித் தலைவர் வாட்சைக் காட்டும்போது முகம் சுருங்குகிறவர்களைவிட, சிரித்தபடி தாவுகிறவர் சொன்னதுதான் நினைவில் நிற்கிறது. அங்கே கேள்விகளும் பெரும்பாலும் கேள்விகளாக இரா. 'எங்கள் நாட்டில்' என்று தொடங்கும் சிற்றுரைகளாக இருக்கும். அவற்றுக்குப் பதிலைவிட நன்றியே பொருத்தம். கோட்ஃபோர்லிப்பில் கேள்வி ஒரு வரியில் வரும்: 'வேகம் எவ்வளவு?', 'சிங்களத்துக்கு ஓடுமா?' தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் அந்தக் கூடம் மதிக்கும். சுற்றி வளைத்தால் அரட்டை அறை விடாது.

பேசி முடித்த பின்னும் இரண்டும் பிரிகின்றன. இஃப்லா கட்டுரை களஞ்சியத்தில் அப்படியே இருக்கும். யாரோ ஓர் ஆய்வாளர் அதை மேற்கோள் காட்டுவார், எழுதியவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கோட்ஃபோர்லிப்பில் காட்டிய நிரலோ பிழை அறிக்கைகளை வரவழைக்கும். இரண்டாண்டு கழித்து டொரான்டோவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர், 'ஔகாரத்தை உங்கள் நிரல் ஒகரமும் ளகரமுமாகப் பிரிக்கிறதே' என்று எழுதுவார். அப்போது நம் பட்டியலாக்கர் வேறு பிரிவுக்கு மாற்றலாகியிருக்கலாம். ஆகவே ஸ்லைடு தயாரிக்கும் அதே வாரத்தில், நிரலோடு வைக்கும் விளக்கக் கோப்பில் ஒரு வரியையும் முடிவு செய்து எழுதிவிட வேண்டும்: இதை இனிப் பராமரிப்பேனா, மாட்டேனா, மாட்டேனென்றால் யார் எடுத்துக்கொள்ளலாம்.