கடற்கரையும் வினாத்தாளும்



சென்னையில் சாந்தோமுக்கு வடக்கே, கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, அலைகளை ஒட்டினாற்போல் நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து கடற்கரை ஓரமாக வடக்கு நோக்கி நடந்தால் கலங்கரை விளக்கமும், 1914-இல் தோன்றிய இராணி மேரிக் கல்லூரியும், மாநிலக் கல்லூரியும், அதற்கப்பால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் வரிசையாகத் தோன்றும். ஒரு முனையில் உப்பும் துருவும் மீனும் வலையும். மறு முனையில் நம் மாகாணத்துப் பிள்ளைகளின் அறிவை அளந்து முத்திரையிட்ட பல்கலைக்கழகம். கால்நடையாகச் சென்றால் ஒரு மணி நேரத் தொலைவு. ஆனால் நம் பரீட்சை முறை அத்தொலைவைக் கடக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக முயன்று வருகிறது. அந்த முயற்சியின் வரலாற்றை, இரசாயனம் என்னும் ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதனைச் சொல்ல எனக்கு ஓர் உரிமை உண்டு. அது என் பிழையினால் வந்த உரிமை. நான் ஆசிரியப் பணி ஏற்ற தொடக்க ஆண்டுகளில், அரையாண்டுப் பரீட்சைக்கு, "இரும்பு துருப்பிடிப்பதற்குத் தேவையானவை யாவை?" என்று ஒரு வினாக் கொடுத்திருந்தேன். 'காற்றும் ஈரமும்' என்பது பாடநூல் விடை. குப்பத்திலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன், உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு உலரும் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும், நீருக்குள்ளேயே கிடக்கும் இரும்பு அவ்வளவு விரைவில் பிடிக்காது என்று எழுதியிருந்தான். பாடநூலின் இரண்டு சொற்களும் அதில் இல்லை. சிவப்பு மையால் பூஜ்யம் இட்டேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் எழுந்து நின்று, "சார், தண்ணிக்குள்ளயே கெடக்குற நங்கூரம் அவ்ளோ துருப்புடிக்காது, மேல எடுத்துப் போட்டாத்தான் சீக்கிரம் புடிக்கும்" என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் பொருளை நான் உணர்வதற்குச் சில ஆண்டுகள் ஆயின. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவை இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அந்நாளில் இவற்றின் தொழில் கற்பித்தலன்று. பிற கல்லூரிகள் கற்பித்ததைப் பரீட்சித்தலே. ஆகவே நம் நாட்டில் உயர்கல்வி என்பது பரீட்சையிலிருந்தே தொடங்கிற்று என்று சொன்னால் மிகையாகாது. மெட்ரிகுலேஷன் என்னும் நுழைவாயிலில் மாணவன் எதை அறிந்திருந்தாலும் அதனை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் அறியாதவனுக்கு அந்த வாயில் திறக்கவில்லை.

அக்காலத்திலேயே ஐரோப்பாவில் வேறொரு வழி பிறந்திருந்தது. 1824-இல் ஜெர்மனியின் கீஸன் நகரில் பேராசிரியராகச் சேர்ந்த யுஸ்டஸ் லீபிக் என்பவர், மாணவர்களைத் தம் சோதனைச்சாலையில் நிறுத்தி, பொருள்களை அவர்கள் கையாலேயே பகுத்தாராயச் செய்தார். இரசாயனம் கையால் கற்க வேண்டிய வித்தை என்பதை உலகிற்கு உணர்த்தியவர்களுள் அவர் தலையாயவர். ஆனால் ஆயிரம் பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் அமர்த்தி எழுதச் சொல்வது எளிது. ஆயிரம் பிள்ளைகளுக்குச் சோதனைக் குழாயும் அமிலமும் கொடுத்து மேற்பார்வை செய்வது அரிது, செலவும் மிகுதி. ஆகவே நம் நாட்டுப் பரீட்சையில் நெடுங்காலம் பேனாவே ஆட்சி செய்தது.

இரசாயனத்தைத் தமிழில் சொல்ல இயலாது என்பதனால்தான் ஆங்கிலம் ஆண்டதோ எனின், அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் மாணாக்கர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் 1875-இல் 'கெமிஸ்தம்' என்ற பெயரில் இரசாயன நூல் ஒன்று தமிழில் வெளிவந்தது. பல்கலைக்கழகம் தோன்றிப் பதினெட்டே ஆண்டுகளில் இஃது நிகழ்ந்தது. வழி இருந்தது; பரீட்சை மண்டபம்தான் அவ்வழியைப் பார்க்கவில்லை.

1911-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஒரு நல்ல மாறுதல் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. என்று நாம் வழங்கும் பள்ளியிறுதித் தேர்வு அவ்வாண்டில் ஏற்பட்டது. மாணவன் பொதுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணோடு, பள்ளியில் அவன் செய்த வேலையின் பதிவும் ஒரே சான்றிதழ்ப் புத்தகத்தில் இடம்பெற்றது. மூன்று மணி நேர எழுத்து மட்டும் ஒரு பிள்ளையின் அறிவைக் காட்டிவிடாது, அவனை நாள்தோறும் பார்த்த ஆசிரியரின் சாட்சியும் வேண்டும் என்பது அதன் உட்கருத்து. நாளடைவில் கல்லூரிகளும் அலுவலகங்களும் அந்தப் புத்தகத்தில் பொதுத் தேர்வின் பக்கத்தை மட்டுமே புரட்டின. நல்ல எண்ணம் தாளில் இருந்தது, பார்வை மாறவில்லை.

அடுத்த போராட்டம் சொற்களைப் பற்றியது. 1916-இல் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி அவர்கள், வெங்கடசுப்பையர் என்னும் நண்பருடன் சேர்ந்து தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இரசாயனம், பௌதிகம், தாவரவியல் முதலிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களைத் திரட்டுவது அதன் நோக்கம். பிற்காலத்தில் 'திண்ணை ரசாயனம்' என்னும் எளிய நூலையும் அவர் எழுதினார். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதி வெளிவந்தது. வடசொல்லா, தமிழ்ச்சொல்லா, ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுவதா என்று அறிஞர்கள் கடுமையாக வாதிட்டனர். பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன் என்று ஒரே வாயு மூன்று பெயர்களில் உலவிற்று. நான் இங்கே இரசாயனம் என்கிறேன். உங்கள் பாடநூல் வேதியியல் என்கிறது. இவ்வளவு சர்ச்சைகளுக்கிடையே, 1930-களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி வேர்கொண்டது. தமிழ்ப் பிள்ளை இரசாயன வினாவிற்குத் தமிழிலேயே விடை எழுதும் காலம் வந்தது. பரீட்சை வரலாற்றில் இதனினும் பெரிய கதவு திறந்ததில்லை என்பது என் கருத்து.

ஆயினும் சொல் வேறு, பொருளறிவு வேறு என்பதை மறத்தல் ஆகாது. 1787-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியேயும் அவருடைய நண்பர்களும் இரசாயனப் பெயர்களை ஒழுங்குபடுத்தினார்கள். 'ஆக்சிஜன்' என்ற பெயருக்கு 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்பது பொருள். அமிலங்கள் யாவற்றிலும் அவ்வாயு உண்டு என்று லவாய்சியே நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது சில பத்தாண்டுகளுக்குள் தெளிவாயிற்று. பெயர் நிலைத்தது, பெயருக்குரிய காரணம் தவறாகிவிட்டது. பெயரை மட்டும் அறிந்தவன் பொருளை அறிந்தவன் ஆகான் என்பதற்கு இரசாயனமே தரும் சான்று இஃது.

சுதந்திரத்திற்குப் பின் இந்த உண்மையை அரசாங்கமே ஆராயத் தலைப்பட்டது. 1952-இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழுவிற்குத் தலைவராக இருந்தவர், அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அவர்கள். பொதுப் பரீட்சைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நெடிய கட்டுரை விடைகளையே நம்பாமல் புறவய வினாக்களையும் சேர்க்க வேண்டும், பள்ளிப் பதிவேட்டிற்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று அக்குழு 1953-இல் பரிந்துரைத்தது. பரீட்சைக்கென்றே பிறந்த ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே பரீட்சையின் குறைகளை எடுத்துரைத்தது குறிப்பிடத்தக்கது அன்றோ?

1956-இல் அமெரிக்கப் பேராசிரியர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் அறிவின் படிகளை ஆறாக வகுத்து ஒரு நூல் வெளியிட்டனர். நினைவில் வைத்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல் என்று அப்படிகள் ஏறிச் செல்லும். பின்னர் அவர் இந்தியாவிற்கு வந்து, இங்குள்ள கல்வியாளர்களோடு பரீட்சைச் சீர்திருத்தத்தைப் பற்றிக் கலந்துரையாடினார். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் எவரும் இந்தப் படிகளை அறிவர். நானும் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். ஒப்பித்தேனே தவிர உணர்ந்தேனா என்றால், இல்லை.

துருவைப் பற்றிய வினாவையே இப்படிகளில் வைத்துப் பாருங்கள். 'துருப்பிடிக்கத் தேவையானவை யாவை?' என்பது நினைவை மட்டும் கேட்கிறது. 'வர்ணம் பூசிய இரும்பு ஏன் துருப்பிடிப்பதில்லை?' என்பது புரிந்ததைக் கேட்கிறது. 'ஒரு நங்கூரம் ஆழத்து நீரில் கிடக்கிறது. மற்றொன்று அலை தெறிக்கும் கரையில் கிடக்கிறது. எது விரைவில் துருப்பிடிக்கும்? ஏன்?' என்பது அறிவைப் பயன்படுத்தச் சொல்கிறது. துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து உண்டாகும் பொருள். நீருக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. அது மெல்லவே வந்து சேரும். நனைந்து காற்றில் கிடக்கும் இரும்பின் மேலோ மெல்லிய நீர்ப்படலமே உள்ளது. அதனூடே ஆக்சிஜன் எளிதில் புகும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவ்வுப்புகள் மின்னோட்டத்திற்கு வழிசெய்து அவ்வினையை மேலும் விரைவாக்குகின்றன. கொதிக்கவைத்துக் காற்றைப் போக்கிய நீரில் ஆணியை இட்டு, மேலே எண்ணெய் ஊற்றி, துருப்பிடிக்கவில்லை என்று நாம் வகுப்பில் காட்டும் சோதனையும் இதே உண்மையைத்தான் மெய்ப்பிக்கிறது.

இப்போது விளங்குகிறதா, மாணவர்களே? நான் முதல் படியில் நின்று கேட்டேன். அந்த மாணவன் மூன்றாம் படியில் நின்று விடை சொன்னான். நான் கேட்கத் தவறிய வினாவிற்கு அவன் எழுதிய விடைக்கே பூஜ்யம் இட்டேன். ஒரு பாடத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த இரவொன்றில் இது எனக்கு உறைத்தது. அதற்குள் அவன் பள்ளியை விட்டு நின்று, தந்தையோடு படகேறிவிட்டான். வீட்டு வறுமையே அதற்குப் பெருங்காரணம் என்று கேள்வியுற்றேன். ஆயினும், 'உனக்கு இரசாயனம் தெரியும்' என்று அன்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் இன்னும் ஓராண்டாவது இருந்திருப்பானோ என்ற எண்ணம் இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை.

1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டு, 1980-இல் முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு நடந்தது. உப்புப் பகுப்பாய்வும் பருமனறி பகுப்பாய்வும் பள்ளிச் சோதனைச்சாலைக்கு வந்தன. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை விட்டு, வெண்ணிற வீழ்படிவைக் கண்டு 'இது குளோரைடு' என்று சொல்லும் மகிழ்ச்சி பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கிட்டியது. இந்நாளில் பத்தாம் வகுப்பு அறிவியலிலும் 25 மதிப்பெண் செய்முறைக்கு உண்டு. லீபிக்கின் சோதனைச்சாலை, மெல்ல மெல்ல, நம் பள்ளிகளின் வாயிலுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் எந்த உப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே விசாரித்து அறிந்துகொண்டு, குழாயைத் தொடாமலே முடிவை எழுதுகிறவனுக்கு அந்தச் சோதனைச்சாலையும் ஒரு மனப்பாட மண்டபமே. நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் நுழைவுத் தேர்வுகளும் அப்படித்தான். வினா நன்றாக அமைந்தால் சிந்தனையை அளக்கும், அமையாவிட்டால் பழக்கத்தை மட்டுமே அளக்கும்.

வரலாறு கூறுவது யாதெனில், ஒவ்வொரு தலைமுறையும் பரீட்சையின் சாளரத்தைச் சற்று அகலமாகத் திறந்திருக்கிறது. மொழி ஒரு தடையாக இருந்தது, தமிழ் வந்தது. கைக்கு இடமில்லாதிருந்தது, செய்முறை வந்தது. நினைவு மட்டும் ஆண்டது. சிந்தனை வினாக்கள் வந்தன. ஆயினும் எந்தச் சாளரமும் வானம் முழுவதையும் காட்டாது. பரீட்சை அளப்பது அது கேட்டதை மட்டுமே. நீங்கள் அறிந்தது அதனினும் பெரிது.

ஆகவே உங்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். பரீட்சையில் பாடநூலின் சொற்களைத் தவறாமல் எழுதுங்கள். முகமறியாத தேர்வாளரோடு நீங்கள் பேசும் பொதுமொழி அதுவே. அதனை அந்த மாணவனுக்குக் கற்பிப்பது என் கடமையாக இருந்தது, நான் செய்யவில்லை. இரண்டாவதாக, படித்ததை உங்கள் வீட்டிலும் தெருவிலும் தேடிப் பாருங்கள். உப்பிட்ட கருவாடு கெடாமலிருப்பது ஏன், படகின் ஆணி துருப்பிடிப்பது ஏன், சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதிப்பது ஏன் என்று கேளுங்கள். உங்களுள் ஆசிரியராகப் போகிறவர்கள், சிவப்பு மையைத் தொடுமுன், இந்தப் பிள்ளை எந்த வினாவிற்கு விடை எழுதியிருக்கிறான் என்று ஒருமுறை சிந்தியுங்கள்.

இன்றும் மாலை வேளைகளில் நான் நொச்சிக்குப்பத்துக் கரையில் நடப்பதுண்டு. மரக் கட்டுமரங்கள் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடியிழைப் படகுகள் நிற்கின்றன; அவையும் இரசாயனம் ஈந்தவையே. கரையில் துருவேறிக் கிடக்கும் நங்கூரம் ஒன்றைக் காணும்போதெல்லாம், திருத்தப்படாத ஒரு விடைத்தாள் என் கையில் இருப்பது போலவே தோன்றுகிறது.