ஒடியற்கூழும் ஊர்ச் சரித்திரமும்

யாழ்ப்பாணச் சரித்திரம் எழுதியோர் பலர். அரசர் வரிசையையும், போர்த்துக்கேயர் 1619 இலும் ஒல்லாந்தர் 1658 இலும் பிரித்தானியர் 1795 இலும் இக்குடாநாட்டைக் கைப்பற்றிய செய்தியையும் அவர்கள் விரிவாகவே எழுதியுள்ளனர். ஆனால், அந்த அரசர்க்கும் அந்நியர்க்கும் வரி செலுத்திய மக்களின் அடுப்பில் என்ன வெந்தது என்று கேட்டோர் மிகச் சிலரே. பழந்தமிழில் 'கூழ்' என்ற சொல் உணவு முழுவதையும் குறித்தது. அரசுக்குரிய ஆறு அங்கங்களுள் ஒன்றாகவும் வள்ளுவர் அதனை எண்ணினார். இன்று அச்சொல் ஒரு பானைக்குள் சுருங்கிவிட்டது. அந்தப் பானையையே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டோம்.

விடுமுறைக்கு உறவினர் கூடும் நாளில் ஒடியற்கூழ் காய்ச்சுவது எம்மவர் வழக்கம். வளவின் கோடியிலே மூன்று கல் வைத்து, வீட்டிலுள்ள பானைகளுள் பெரியதை ஏற்றுவார்கள். கொதிக்கும் நீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள், பயற்றங்காய், முருங்கையிலை என வளவிலும் தோட்டத்திலும் அவ்வப்பொழுது கிடைப்பன எல்லாம் விழும். பின்னர் மீனும் நண்டும் இறாலும் சேரும். முன்னதாகவே நீரில் ஊறவைத்துக் கசப்பு நீக்கிய ஒடியல் மாவைப் புளியும் உப்பும் அரைத்த மிளகாயும் கூட்டிக் கரைத்து இறுதியில் ஊற்றுவார்கள். மா தடித்து வரும்போது எழும் மணம் அயல் வீடுகளுக்கும் எட்டும். 'எமது முன்னோர் உண்ட பண்டைய உணவு' என்று யாராவது ஒருவர் அப்பொழுது பெருமையோடு கூறுவார், மற்றவர்கள் தலையசைப்பார்கள்.

அது எவ்வளவு தூரம் பண்டையது? யாருடைய முன்னோர் உண்டது? இவ்விரு வினாக்களையும் வகுப்பில் மாணவரிடம் ஒருமுறை கேட்டோம். கூழில் சேரும் பொருள்களை எழுதி, எவை இம்மண்ணுக்கே உரியவை என்று குறிக்கச் சொன்னோம். ஏறத்தாழ எல்லோரும் மிளகாயை முதலிலேயே குறித்திருந்தனர்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் கப்பல்களோடு அது இப்பக்கம் வந்தது. அதற்கு முன்னர் எமது கறிகளுக்கு உறைப்பைத் தந்தது மிளகே. புதிதாய் வந்த காய்க்கும் மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகாய்' என்றனர். மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து புறப்பட்டதே. ஒல்லாந்த ஆளுநர் வன் டெர் கிராப் காலத்தில், 1786 அளவில், அது இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கூறுவர். இவை வேரூன்றிவிட்டன, வெளியார் பயிர் என்று விலக்கவேண்டியதில்லை. சொற்களும் அவ்வாறே. நாம் சமைக்குமிடம் 'குசினி', காலையில் உண்பது 'பாண்', கிழங்கு கிண்டுவது 'அலவாங்கு'. மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். தூய தமிழ்ப் பண்பாட்டுக்குக் கூழை எடுத்துக்காட்டாகக் கூறுவோர் அலவாங்கைச் சற்று நினைத்துக்கொள்வது நன்று.

இப்பானையில் உண்மையாகவே மண்ணுக்குரியது பனை. ஆவணி புரட்டாதியில் பழம் விழும். பழத்தைப் பிசைந்து எடுத்த களி பாயில் காய்ந்து பனாட்டு ஆகும். விதைகளைப் பொறுக்கி, மாரி மழைக்கு முன்னர் மணற்பாங்கான பாத்திகளில் அடுக்குவார்கள். தையிலும் மாசியிலும் பாத்தி கிண்டிக் கிழங்கு எடுப்பார்கள். அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். பச்சையாகவே கிழித்துக் காய வைத்தால் ஒடியல். காய்ந்த ஒடியல் ஆண்டு முழுவதும் கெடாது கிடக்கும். ஆற்று வளம் இல்லாத, வானம் பார்த்த வயலில் ஒரே போக நெல் விளையும் ஒரு குடாநாட்டில் இதன் பொருள் என்ன? மாரி பொய்த்த ஆண்டில் உயிர் பிழைக்க வைத்தது பனையே. ஆக, ஒடியல் விருந்துப் பண்டமாகத் தோன்றியதன்று. பஞ்சத்துக்கு எதிரான சேமிப்பாகவே தோன்றியது. இதனை மறந்துவிட்டுக் கூழின் சுவையைப் பற்றி மட்டும் பேசுவது அரைச் சரித்திரமே.

வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டச் செய்கை வளர்ந்த கதையும் இதனோடு இணைந்தது. சுண்ணக்கல்லை அகழ்ந்து கிணறு வெட்டி, துலா மிதித்து நீரிறைத்து, இலைகுழை தாழ்த்தி, ஆட்டுப்பட்டி அடைத்து அம்மண்ணை விளைநிலமாக்கியவர்கள் உழைக்கும் மக்கள். ஆயினும் அந்நிலத்தின் நல்ல பங்கில் நெடுங்காலம் நின்றது புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலும் பின்னரும் அது திருவிதாங்கூருக்குப் போய்ப் பணமாகியது. உண்ணும் பயிர் வேலியோரத்துக்கும் கிணற்றடிக்கும் ஒதுங்கியது. எமது வீட்டுத் தோட்டத்தின் பயற்றங்கொடியும் முருங்கையும் கிணற்றடி வாழையும் பெண்களின் கையில் நின்றவை. அவற்றுக்கு எவரும் கணக்கெழுதவில்லை.

சோற்றின் கதை வேறு. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்தது. பெருந்தோட்டங்களில் தேயிலை விளைய, நெல் கப்பலில் வந்தது. 1942 இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் கப்பல் நின்றது. கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் அக்காலத்தில் வந்தவை. பத்தாண்டு கழிந்து, 1953 இல் பங்கீட்டு அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் நடந்த ஹர்த்தாலும், பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகியதும் எமது வாசகர் அறிந்தவையே. ஒரு கொத்து அரிசி ஓர் அரசாங்கத்தை அசைத்தது. 1970 க்குப் பின்னர் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை வந்தபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது; அதே ஆண்டுகளில் நகரத்துத் தொழிலாளர் பாணுக்கு வரிசையில் நின்றனர். 1977 இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் தோட்டக்காரரின் அந்தச் செழிப்பும் சரிந்தது.

இவ்வாறு அரிசியை நம்பியிருக்க முடியாத ஒரு நாட்டில், கூழ் எவ்வாறு கொண்டாட்டமாயிற்று? அதற்கு விடை புகைவண்டியில் வந்தது. வடபகுதிக்கு இருப்புப்பாதை 1905 இல் முற்றுப்பெற்றது. ஆங்கிலம் கற்ற நடுத்தர வர்க்கத்தார் கொழும்புக் கந்தோர்களில் எழுதுவினைஞராயினர். மாதம் தவறாது ஊருக்கு மணியோடர் வந்தது. 1956 இல் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியபின் விடுமுறைக்கு ஊர் வருவது மேலும் எளிதாயிற்று. வந்தவர்கள் வருடம் முழுவதும் சோறும் பாணும் உண்டவர்கள். அவர்களுக்குக் கூழ் ஒரு மாற்று, ஒரு நினைவு. ஆகவே வந்த அன்றோ மறுநாளோ பானை ஏறியது. அதே கிழமையில், அதே ஊரில், வேறு குடிசைகளில் இராச் சாப்பாடும் கூழாகவே இருந்தது. அங்கு நண்டும் இல்லை, இறாலும் இல்லை; மாவும் உப்பும் இரண்டு மிளகாயும் மட்டுமே.

அந்த வேறுபாட்டுக்குப் பெயர் வர்க்கம் மட்டுமன்று. பனையில் ஏறியவரும், கருப்பநீர் இறக்கியவரும், பாத்தி கிண்டியவரும், துலா மிதித்தவரும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களே. தாம் வெட்டிய கிணற்றில் தாமே அள்ளிக் குடிக்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்திருந்தனர். கே. டானியல் 'தண்ணீர்' என்று ஒரு நாவலுக்குப் பெயரிட்டது காரணமின்றி அன்று. உயர்சாதியார் வீட்டில் அவர்களுக்கு உணவு கிடைத்தது வளவின் புறத்தே. சிரட்டையிலும் ஓலையிலும் கிடைத்தது. வீட்டுப் பாத்திரம் 'தீட்டு'ப் படக்கூடாதல்லவா! தேநீர்க் கடைகளிலும் அவர்களுக்கென வெறும் போத்தல்களும் பேணிகளும் வேறாக வைக்கப்பட்டிருந்தன. இன்று கூழ் விருந்தில் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தியும், பனையோலைப் பிளாவிலும் ஆசையோடு குடிக்கிறோம். அந்த ஓலை சிலருக்கு அழகு. சிலருக்கு அது தண்டனையாக இருந்தது. இரண்டும் ஒரே பனையின் ஓலைதான்.

இந்த நிலை தானாக மாறியதன்று. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்தது. சாதி பாராது ஒருங்கிருந்து உண்பதை வற்புறுத்தியது. 1930 அளவில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கப்பட்டபோது சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்ததற்காக எரித்தார்கள்! 1957 இல் சட்டம் வந்தது. கடைகளின் பேணிகள் அதனால் மறைந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் நடந்த போராட்டங்களுமே பலவற்றை மாற்றின. பனைத் தொழிலாளர் 1972 இல் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றிணைந்தனர். ஒரே பானையிலிருந்து ஒரே அகப்பையால் எல்லோருக்கும் ஊற்றப்படுவது ஒரு பழைய மரபு என்று எவராவது கூறினால் நாம் மறுக்கவேண்டியவர்களாவோம். அது போராடிப் பெற்ற புதிய மரபு. எல்லா வீடுகளிலும் இன்னும் வந்துவிடவில்லை என்பதையும் ஆசிரியராகிய நாம் அறிவோம். எந்த மாணவன் எந்த மாணவன் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எமது கண்ணுக்குத் தப்புவதில்லை.

யுத்தம் இப்பானையை மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுபோயிற்று. 1990 இன் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் உரமும் அரிதாகி, ஒடியலும் மரவள்ளியும் முருங்கையிலையும் மறுபடி அன்றாட உணவாயின. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் நடந்து வெளியேறியது. காவலரண்களுக்கு எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எஞ்சியது அரிசியும் உப்பும் நீரும் கலந்த கஞ்சி மட்டுமே. அதனை ஆண்டுதோறும் மே மாதத்தில் சிரட்டையில் வார்த்து நினைவுகூருகின்றனர். 2024 இல் சம்பூரில் அக்கஞ்சியை வழங்கியதற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டனர். ஒரு சிரட்டைக் கஞ்சி இந்நாட்டில் இன்னும் குற்றமாகக் கூடும்.

2022 ஜூனில் பொருளாதாரம் சரிந்து கிடந்தபோது, அரச ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து தோட்டம் செய்யலாம் என்று அரசு அறிவித்தது. முந்திய ஆண்டு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்து விளைச்சலைக் கெடுத்த அதே அரசு! வளவு உள்ளவனுக்கு அது ஆலோசனை. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவனும் மலையகத்து லயன் அறையில் வாழ்பவனும் எங்கே நடுவது?

இப்பொழுது ஒடியல் மா பொதியில் அடைத்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போகிறது. நல்ல நண்டும் ஏற்றுமதிக்கே. சென்ற ஆடி விடுமுறையில், நாம் கற்பித்த மாணவர் ஒருவர் வீட்டுக் கூழுக்கு அழைக்கப்பட்டிருந்தோம். கனடாவிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் பலாவிலையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தனர். தகப்பனார் பனையேறிய குடும்பம் அது. இன்று பிள்ளைகள் படித்து உத்தியோகம் பார்க்கின்றனர். வயது எண்பதைத் தாண்டிய ஆச்சி திண்ணையில் இருந்தார். பேத்தி ஓர் இலை நிறையக் கூழ் கொண்டுபோய் நீட்டினாள். ஆச்சி அதனைப் பார்த்தார், வாங்கவில்லை.

"நான் குடிச்ச கூழ் எனக்குக் காணும் பிள்ளை. மத்தியானச் சோறு மிச்சம் இருந்தாக் கொஞ்சம் தா."