பண்புகள்: கோப்போடு ஒட்டியவை

பவர்பாயிண்டில் ‘ஃபைல்’ பட்டியின் ‘இன்ஃபோ’ பக்கத்தைத் திறந்தால் தலைப்பு, ஆசிரியர், உருவாக்கிய நாள், கடைசியாகத் திருத்தியவர் என்று ஒரு வரிசை தெரியும். ஆங்கிலத்தில் இதற்கு இட்ட ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்ற பெயர் ‘தனக்குரியது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சொத்தையும் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். தமிழில் ‘பண்புகள்’ என்கிறோம். பண்பு என்றால் நற்குணம்தானே, கோப்புக்கு ஏது குணம் என்று கேட்கலாம். திருக்குறளின் பண்புடைமை அதிகாரம் அந்தப் பொருளை நம் மனத்தில் ஆழப் பதித்திருக்கிறது. ஆனால் இலக்கணத்தில் இச்சொல் இன்னும் அகன்றது. பண்புத்தொகையை விளக்கும் தொல்காப்பியம் வண்ணம், வடிவு, அளவு, சுவை போன்றவற்றைத்தான் சொல்கிறது. இவற்றுக்கும் ஒழுக்கத்துக்கும் தொடர்பில்லை. பொருளை விட்டுப் பிரியாதவை, அவ்வளவே.

ஆசிரியர் பெயரை நாமே மாற்றலாமே, மாற்றக்கூடியது எப்படிப் பண்பாகும், ‘விவரம்’ என்றால் போதாதா? வலுவான மறுப்புதான், ஆனாலும் ஏற்க முடியவில்லை. காய் பழுக்கும்போது நிறம் மாறுகிறது. அதனால் நிறம் பண்பு இல்லை என்று ஆகிவிடாது. விவரம் என்பது வெளியிலிருந்து ஒருவர் சொல்வது. இதுவோ கோப்புக்குள்ளேயே இருப்பது. பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. தலைப்பும் ஆசிரியர் பெயரும் அதற்குள் ‘கோர் டாட் எக்ஸ்எம்எல்’ என்ற சிறு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். மின்னஞ்சலில் அனுப்பினாலும் கூடவே போகும். பழைய கோப்பை நகலெடுத்து ஸ்லைடுகள் அத்தனையையும் புதிதாக எழுதினாலும், எந்த ஸ்லைடிலும் தெரியாத பழைய ஆசிரியர் பெயர், யாராவது திருத்தும் வரை அதில் இருந்துகொண்டே இருக்கும்.